கிளினிக் நாளைக்கு மட்டும் நல்ல பிள்ளை

எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்துச் சீனி வியாதிக்காரர்களுக்கு மாதத்தில் மூன்று நாள்தான் வியாதி. கிளினிக்குக்கு முந்திய இரண்டு நாள், அப்புறம் இரத்தம் எடுக்கிற காலை. மீதி நாட்களில் அவர்களைப் போல ஆரோக்கியமானவர்களை இந்தச் சப்ரகமுவ மாகாணத்திலேயே தேடிப்பிடிக்க முடியாது. கல்யாண வீட்டில் லட்டு, கோயில் பூசையில் சர்க்கரைப் பொங்கல், யார் வீட்டுக்குப் போனாலும் கரண்டி நிற்கிற அளவுக்குச் சீனி போட்ட டீ. கேட்டால், "அது பாட்டுக்கு அது இருக்கும், நாம பாட்டுக்கு நாம இருப்போம்" என்பார்கள். என் வீட்டுக்காரர் இந்தக் கூட்டத்துக்குத் தலைவர். யாரும் தேர்தல் வைக்கவில்லை, தானாகவே ஆகிவிட்டார்.

அந்த மூன்று நாள் கூத்தைப் பார்க்கச் சகிக்காது. பாகற்காயை அம்மியில் நசுக்கிச் சாறு பிழிந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்கள். சோற்றை விட்டுவிட்டு ஒற்றைக் குரக்கன் ரொட்டியோடு படுப்பார்கள். கொத்தல ஹிம்புட்டு மரத்தில் கடைந்த ஒரு கோப்பை இருக்கிறது. இரவு அதில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் சிவந்து கிடக்கிற தண்ணீரைக் குடித்தால் சீனி இறங்கும் என்பது இங்கே சிங்களவர், தமிழர் எல்லாருக்கும் பொதுவான நம்பிக்கை. லயத்துக்கே ஒரு கோப்பைதான், அது வீடு வீடாகச் சுற்றும். வெற்றிலை வாய், பீடி வாய், பல் போன வாய், எல்லா வாயும் பட்டு விளிம்பு கறுத்துப் பிசுபிசுத்துப் போயிருக்கும். அதை என் வீட்டுக்காரர் தீர்த்தம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக் குடிப்பார்.

பிறகு வெறும் வயிற்றோடு பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். இரத்தம் கொடுத்த கையில் பஞ்சை அழுத்தியபடியே ரோட்டைக் கடந்து எதிரே உள்ள ஹோட்டலுக்குள் நுழைவார்கள். சீனி தூவின பணிஸ், பால் டீ, அப்புறம் இன்னொரு பால் டீ. நான் கூடப் போகிற நாட்களில் வாசலிலேயே நின்றுவிடுவேன். விரலில் ஒட்டின சீனியை ஒவ்வொரு விரலாக நக்குவதையும், உதட்டோரத்துத் துகளை நாக்கால் துழாவுவதையும் உட்கார்ந்து பார்க்க என்னால் முடியாது. விரதம் முடித்தவர்கள் பாரணை செய்கிற மாதிரி அத்தனை திருப்தி அந்த முகங்களில்.

மத்தியானம் நம்பர் வரும். பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளைகளைப் போல ஒருவர் கையில் உள்ளதை மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரருடைய நம்பர் எப்போதும் நல்லதாகத்தான் இருக்கும். நர்ஸ் மிஸ் அதைப் பார்த்து, "ஹரிம ஹொந்தய்" என்று சிங்களத்தில் பாராட்டுவார். ரொம்ப நல்லது என்று மிஸ் சொன்ன அந்த இரண்டு வார்த்தையை இவர் பஸ்ஸில் வரும்போதும் சொல்லிக்கொண்டு வருவார், லயத்தில் இறங்கியதும் சொல்லுவார், அடுத்த நாள் ரப்பர் பால் நிறுக்கிற இடத்திலும் சொல்லுவார். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரும் இவரை நல்ல பிள்ளை என்று சொன்னதில்லையாம். அறுபதை நெருங்கும் வயதில் அந்த ஆசை தீர்கிறது.

"யாரைங்க ஏமாத்துறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஏமாத்துறதா? அந்த டாக்டரம்மா அவ்வளவு பேரைப் பார்க்குறாங்க. நாம போயி மோசமான நம்பரைக் காட்டுனா அவங்க மனசு நோகாதா?"

இந்தப் புத்தி இவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். துரைமார் பெரிய துரையைக் கூட்டிக்கொண்டு லயம் பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் தோட்டத்தில் என்ன நடக்கும்? கழிவுத் தண்ணீர் ஓடுகிற கானுக்கு இரு பக்கமும் சுண்ணாம்பு அடிப்போம். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் உள்ள குப்பையை வாரி ரப்பர் மரத்துக்குப் பின்னால் கொட்டுவோம். வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். கானுக்குள் ஊறிக் கிடக்கிற நாற்றம் அங்கேயேதான் கிடக்கும், அதற்கு யாரும் சுண்ணாம்பு அடிப்பதில்லை. பரம்பரை பரம்பரையாக இப்படிக் காட்டிக் காட்டிப் பழகின ஜனம், சொந்த இரத்தத்துக்கும் சுண்ணாம்பு அடித்துக் கொண்டுபோய் நீட்டுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அருவருப்புத்தான் வருகிறது. பரிதாபம் வர வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள், வந்தால் நல்லதுதான்.

டீயில் சீனி போடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை என் வீட்டுக்காரர் மீறவில்லை. நான் சீனி இல்லாமல் பிளேன்டீ ஊற்றிக் கொடுப்பேன். அவர் சீனிப் போத்தலைத் திறந்து உள்ளங்கையில் ஒரு குவியல் கொட்டிக்கொண்டு, ஒரு வாய் டீ, ஒரு நக்கு சீனி என்று குடிப்பார். "டீயில போடலையே" என்பார். பால் வெட்டி வந்த கை அது. எத்தனை தடவை சவர்க்காரம் போட்டாலும் ரப்பர் பாலின் புளித்த வாடை அந்தக் கையை விட்டுப் போகாது. ரேகைக்குள் பால் காய்ந்து கறுப்பாக ஒட்டியிருக்கும். அந்த உள்ளங்கையை நாக்கை நீட்டி, சுண்டு விரல் பக்கத்திலிருந்து கட்டை விரல் பக்கம் வரை ஓர் இழுப்பு. இந்த நாட்டில் பாதிப் பேர் கையில் சீனி வைத்து டீ குடிக்கிறவர்கள்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டால் நான் குசினிக்குள் போய்விடுவேன்.

வாழ்க்கை இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவர் என்னை ஒட்டடை அடிக்கச் சொல்லத் தொடங்கினார்.

"வீடெல்லாம் ஒட்டடை தொங்குது. கண்ணுக்கு முன்னால ஆடுது. பொம்பளை இருக்கிற வீடா இது?"

எனக்கு எரிச்சலாக வந்தது. முந்தின நாள்தான் கூரைத் தகரம் வரை தட்டியிருந்தேன். ஒரு நூல் கூடக் கிடையாது. அவரோ முகத்துக்கு நேரே கையை வீசி எதையோ விலக்கிக்கொண்டே இருந்தார். வாசலில் நின்று வெளிச்சத்தைப் பார்த்தாலும் விலக்கினார். வெட்டவெளியில் யார் வந்து ஒட்டடை கட்டுவது? "கண்ணை ஒருக்காக் காட்டுங்க" என்றேன். தூசி விழுந்திருக்கும், வெள்ளெழுத்தாக இருக்கும், டவுனில் ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்றார். வலி இல்லை அல்லவா, வலி இல்லாத எதுவும் எங்கள் ஆட்களுக்கு வியாதி இல்லை. கண்ணில் மருந்து விட்டு உள்ளே பார்க்க வேண்டும் என்று கிளினிக்கில் துண்டு எழுதிக் கொடுத்தும் அவர் போகவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிய வந்தது. அந்த மருந்து விட்டால் அன்று முழுவதும் கண் மங்கும், ஒரு நாள் பேரும் சம்பளமும் போய்விடும் என்று கூட்டாளிகள் சொன்னார்களாம்.

அதற்கப்புறம் கங்காணி வந்தார். நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேச மாட்டார். "தங்கச்சி, கொஞ்சம் வந்து பாருங்க" என்று என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரப்பர் மரத்தில் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி உள்ளே மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் காயமாகி, முண்டு முண்டாகப் புடைத்து, அப்புறம் அங்கே வெட்ட முடியாது. பால் வெட்டுகிறவருக்குப் பெருமையே காயம் இல்லாத மரம்தான். என் வீட்டுக்காரருடைய மரங்கள் வரிசையாகக் கொத்துக் கறி போட்ட மாதிரி நின்றன. காயத்திலிருந்து பால் கண்டபடி வழிந்து, பட்டையில் காய்ந்து, அழுகின வாடை அடித்தது. மேலே ஈக்கள்.

"அண்ணனுக்கு என்னமோ ஆகிப்போச்சு. முன்ன எல்லாம் புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு இவரு மரத்தைத்தான் காட்டுவேன்" என்றார் கங்காணி.

வீட்டுக்கு வந்து கேட்டால், கத்தி சரியில்லையாம்.

ஒரு வாரம் கழிந்திருக்கும். காலையில் முகம் கழுவப் போனவர் பீலியடியிலேயே உட்கார்ந்துவிட்டார். இடது கண்ணில் சிவப்பாக ஒரு திரை மேலேயிருந்து இறங்குகிறது என்றார். நான் இமையைப் பிரித்துப் பார்த்தேன். வெளியே ஒன்றுமே இல்லை, வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது. அன்றைக்கே ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், அங்கிருந்து கண் டாக்டரிடம் அனுப்பினார்கள்.

கண் டாக்டர் சிங்களவர், வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரியச் செய்து, நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் சிங்களத்தில் விளக்கினார். கண்ணுக்குப் பின்னால் ஒரு சவ்வு இருக்கிறது, அதில் விழுகிற படத்தைத்தான் நாம் பார்க்கிறோம். அதற்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் தலைமுடியை விட மெல்லியவை. இரத்தத்தில் சீனி வருஷக்கணக்காக ஏறிக் கிடந்தால் அந்தக் குழாய்கள் கசியும், அடைபடும். அடைபட்டதும் கண் தானாகவே புதுக் குழாய்களை முளைக்கவிடும், ஆனால் அவை சோத்தி, பலமில்லாதவை, லேசில் உடைந்துவிடும். உடைந்து கசிகிற இரத்தம் கண்ணுக்குள் நூலாக மிதக்கும், நிறைய உடைந்தால் திரையாக இறங்கும். இவர் ஒட்டடை என்று விலக்கியதெல்லாம் அவருடைய சொந்த இரத்தம். உடைகிற வரைக்கும் வலிக்காது, பார்வையும் மாறாது, அதனால்தான் வருஷத்துக்கு ஒரு தடவை மருந்து விட்டுப் பார்க்கச் சொல்கிறோம் என்றார்.

என் வீட்டுக்காரர் குறுக்கே பாய்ந்தார். "ஆனா என் நம்பர் எப்பவும் நல்லது டாக்டர் மாத்தயா!" என்று கிளினிக் கொப்பியை நீட்டினார். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார், முகத்தைச் சுளித்தார். மூன்று மாதத்துச் சீனியையும் சேர்த்துக் காட்டுகிற ஓர் இரத்தச் சோதனை உண்டு, அதை எடுத்து வாருங்கள் என்றார். அதற்கு வெறும் வயிறும் தேவையில்லை, விரதமும் தேவையில்லை. அந்தச் சோதனை இவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கோபப்படவில்லை, சிரித்தார். "கிளினிக்குக்கு முதல் சாப்பிடாமல் இருந்தீங்களா?" என்று கேட்டார். எத்தனையோ பேரிடம் கேட்டுப் பழகின கேள்வி என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இடது கண்ணுக்கு லேசர் அடித்தார்கள், ஊசி போட்டார்கள். கண்ணுக்குள்ளேயே ஊசி. நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன், நினைக்க நினைக்க வாய் உமிழ்நீரால் நிறைந்தது, எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தேன். அவ்வளவும் செய்தும் பலனில்லை. உள்ளே தழும்பு கட்டிச் சவ்வை இழுத்துவிட்டது, இனி அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள். லேசர் அடித்ததால்தான் கண் போனது என்று லயத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் போய் நிற்கிறவர்கள், கடைசியாகச் செய்த வைத்தியத்தின் மேல் பழி போடுகிறார்கள்.

"மிச்சம் இருக்கிறது வலது கண். அதைக் காப்பாற்றலாம். ஆனால் எங்களால் மட்டும் முடியாது" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பு கிடையாது. வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் ஆயம்மா வேலை எனக்கு. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்தாலும் வலது கண், வலது கண் என்றுதான் ஓடும். வீட்டில் சீனிப் போத்தலைக் காலி செய்தேன். அரநாயக்கப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அவருடைய அக்கா தம்பியைப் பார்க்க வந்தார். வரும்போதே தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்த்துக் கிண்டின தொதல் கொண்டுவந்தார், எண்ணெய் வடிய வடிய ஒரு பெரிய கட்டி. "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சும்மாவா சொன்னாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு துண்டை வெட்டித் தம்பியின் வாய்க்கு நேரே நீட்டினார். நான் தட்டோடு பறித்தேன்.

"ஒரு நாளைக்கு என்னாடி? ஆசைப்பட்டதைத் திங்காம என்னா வாழ்க்கை?" என்றார் மதினி.

"உங்க தம்பிக்கு இன்னும் ஒரு கண்ணு இருக்குங்க மதினி. அதையும் தின்னுட்டுப் போகத்தான் வந்தீங்களா?" என்றேன். அதற்கப்புறம் அவர் வருவதில்லை, வராவிட்டால் போகட்டும்.

அடுத்த தடவை கண் கிளினிக்குக்குப் போனபோது சுவரில் மாட்டின எண் பலகையை வாசிக்கச் சொன்னார்கள். மேலே பெரிய எண், கீழே போகப் போகச் சின்னது. நாங்கள் வரிசையில் வெகு நேரம் நின்றோம். இவருடைய முறை வந்ததும் இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தார். மிஸ் பாராட்டினார், எனக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, நடுவில் கொஞ்சம் வீக்கம் இருக்கிறது, ஆனால் பார்வை இவ்வளவு நன்றாக இருப்பதால் இப்போதைக்கு ஊசி வேண்டாம், கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம், பார்வை குறைந்தால் உடனே வந்துவிடுங்கள் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அவருக்குக் கொய்யாக்காய் வாங்கிக் கொடுத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவரிடம் சிரித்துப் பேசினேன்.

ஒரு மத்தியானம் பிள்ளைக்காம்பராவிலிருந்து சோற்றுக்கு வந்தேன். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் தானே ஊற்றிக்கொண்ட பிளேன்டீ. சுவரில் தொங்கின சட்டைப் பையிலிருந்து வாசல் நிலை வரைக்கும் சிற்றெறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. பைக்குள் அவர் ஒளித்து வைத்திருந்தது பத்திரிகைத் தாளில் மடித்த சீனி. அந்தத் தாளை அதற்குள் எடுத்து ஒரு கையில் வைத்திருந்தவர், மற்ற உள்ளங்கையில் கொட்டினார். விழுந்த சீனி அசைந்தது. வெள்ளைக்குள்ளே எறும்புகள் புரண்டுகொண்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் நாக்கை நீட்டி ஓர் இழுப்பு இழுத்துவிட்டார்.

எறும்பு தின்றால் கண் நன்றாகத் தெரியும் என்று பிள்ளைகளிடம் நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பிஸ்கட்டில் எறும்பு ஏறிவிட்டது என்று அழுகிற பிள்ளையைச் சமாளிக்கிற பேச்சு அது. அந்த நேரத்தில் அதுதான் என் நினைவுக்கு வந்தது.

"ஏங்க, எறும்பு! கையெல்லாம் எறும்பு!"

"எங்க?"

உள்ளங்கையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். தலையைச் சாய்த்து ஓரக் கண்ணால் பார்த்தார். மணிக்கட்டில் ஏறி முழங்கை வரைக்கும் போய்விட்டன அவை. "சீனிதானே இருக்கு" என்றார்.

நான் அவர் முகத்துக்கு நேரே குனிந்தேன். சீனிக் கோபம் கூட மறந்துவிட்டது. "என் முகம் தெரியுதா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"ஆளு தெரியுது. சுத்திவரத் தெரியுது. நடுவுலதான் கொஞ்சம் மங்கல்."

"எப்பயிலேருந்து?"

அவர் டீயை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினார்.

"அப்ப அந்தப் பலகையை எப்படி வாசிச்சீங்க?"

அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டு மாட்டிக்கொண்டவரின் சிரிப்பு. "நமக்கு முன்னால எத்தனை பேரு வாசிச்சாங்க. நின்ன நேரமெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தேன். ஹத்தர, நவய, தெக. ஹய, அட்ட, துன, பஹ..." எதிரே இருந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு, சிங்களத்தில் வரி வரியாக, ஓர் எண் பிசகாமல் கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் ஒப்பித்தார்.

அந்த வரிகளைக் கேட்டுத்தான் டாக்டர் ஊசி வேண்டாம் என்றார். நான் கொய்யாக்காய் வாங்கிக் கொடுத்ததும் அந்த வரிகளுக்காகத்தான்.

"எந்திரிங்க. இப்பவே போறோம்" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. கையில் இருந்ததை இடுப்புச் சாரத்தில் துடைத்தார், தடவித் தடவி என் கையைப் பிடித்தார். பிசுபிசுவென்று ஒட்டியது. "வாரேன். ஆனா டாக்டர்கிட்ட இதை மட்டும் சொல்லிப்புடாத புள்ள" என்றார். அவருடைய மீசையில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிடக் கூட எனக்குக் கை வரவில்லை.